வழுக்காத தரை

அந்தப் பெண்ணின் கன்னத்தில் தரை டைல்ஸின் கட்டங்கள் அச்சடித்ததுபோல் பதிந்திருந்தன. ஆராய்ச்சிக்காரிக்கு அந்தக் கட்டம் தெரியும். தெரியாமல் எப்படி? கடைக்காரனிடம் மூன்று நாள் பேரம் பேசி அவளே எடுத்த டிசைன்.

ஏழு வருடம் முன்பு இதே தெருவில் வீடு வீடாக ஏறி, கரு கலைந்தது எதனால், பிள்ளை வயிற்றிலேயே செத்தது எதனால் என்று கேட்டாள். பத்தில் நான்கு பேர் ஒரே பதில் சொன்னார்கள்: விழுந்துட்டேன். சரி, தரைதான் வழுக்குகிறது என்று முடிவுகட்டினாள். அந்த முடிவை வைத்து ஒரு கட்டுரை, கட்டுரையை வைத்துப் பதவி, பதவியை வைத்து ஆறு நாட்டுக்கு விமானம், கடைசியில் நானூறு வீட்டுக்குச் சொரசொரப்பான டைல்ஸ். ஒரே சரக்கை இத்தனை சந்தையில் விற்ற வியாபாரி கிடையாது. ஒரே குறை, டைல்ஸ் போட்ட பிறகும் பெண்கள் முன்பு போலவே விழுந்துகொண்டிருந்தார்கள். ஏன் என்று பார்க்கத்தான் நேரில் வந்திருந்தாள்.

புருஷன் லாரி மெக்கானிக். கிரீஸ் கையோடு வாசற்படியில் நின்று, மனைவிக்கும் சேர்த்து அவனே பேசினான்.

"வழுக்கி விழுந்துட்டா மேடம். ஏழு மாச வயிறு, கால் எங்க வைக்கிறோம்னே தெரிய மாட்டேங்குது. எழுதிக்குங்க."

"இந்த டைல்ஸ் வழுக்காதுங்க. எண்ணெய் ஊத்திச் சோதிச்சுப் பார்த்துதான் போட்டோம்," என்றாள் ஆராய்ச்சிக்காரி. தன் சரக்கைக் குறை சொன்னால் யாருக்கும் வருகிற ரோஷம்தான். வேறெதையும் நினைத்துச் சொல்லவில்லை.

கூட வந்திருந்த நர்சம்மா, இருபது வருடமாக இந்தத் தெருவுக்கு ஊசி போடுகிறவள், கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் மனைவி பக்கம் திரும்பினான். "ஓ. எல்லாம் சொல்லிட்டியா."

குரல் உயரவேயில்லை. முடியைச் சுருட்டிப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான். பல் உடைகிற சத்தம் கேட்டது. அவள் சரிந்ததும் செருப்புக் காலால் இடுப்பில் ஒரு உதை, வயிற்றில் ஒரு உதை. ஆராய்ச்சிக்காரி வாயைத் திறப்பதற்குள் நர்சம்மா எடை பார்க்கும் மிஷினைத் தூக்கி அவன் மூக்கில் இறக்கியிருந்தாள். இரும்பு மிஷின். அவன் பொத்தென்று உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தம் கொட்டியது.

"எந்திரிச்சே, இன்னொண்ணு இறக்குவேன்டா," என்றாள் நர்சம்மா. பிறகு திரும்பிப் பார்க்காமலே, "இந்தத் தெருவுல விழுந்துட்டேன்னா என்ன அர்த்தம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மேடம். டைல்ஸ்காரன்கிட்ட மூணு நாள் பேசுனீங்க."

ஆராய்ச்சிக்காரி மண்டியிட்டு அந்தப் பெண்ணின் தலையை மடியில் எடுத்து வைத்தாள். அந்தப் பெண் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

"எழுதுங்க மேடம். நான் விழல." மூச்சு வாங்கியது. "போன தடவையும் விழல."

எழுத வேண்டிய தாள் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு என்று வாசலில் யாரோ சொன்னார்கள். நர்சம்மா பிள்ளையின் இதயத்துடிப்பு கேட்கும் மரக்குழலை வயிற்றில் பதித்து, மறுமுனையில் காதை ஒட்டி, பேசாதீங்க என்று கையை உயர்த்தினாள். கூடியிருந்தவர்கள் அடங்கினார்கள். மூக்கைப் பிடித்திருந்தவன்கூட மூச்சை அடக்கினான். குழல் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது. பிறகு கீழே. பிறகு இன்னும் கொஞ்சம் கீழே. உயர்த்திய கை இறங்கவில்லை.