தை வெள்ளிக்கு முந்திய தூறல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் என் காதில் உண்மையாக விழுந்தது ஒரே ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் நானாகச் சேர்த்தது.

1981, தை மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. சங்கரன்கோவிலில் அம்மன் சன்னதி வரிசை வெளிப்பிரகாரம் வரைக்கும் நின்றது. ஒரு மாதமாகச் சரியாக மூஞ்சியைக் காட்டாமல் இருந்த வெயில் அன்றைக்குப் பளீரென்று அடித்தது. எனக்கு முன்னால் ஒரு கிராமத்து ஆள், ஐம்பது வயதிருக்கும், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்குக் கண் தெரியவில்லை. புதிதாகப் போன கண் என்பது நிற்கிற விதத்திலேயே தெரிந்தது. பழகியவர்கள் காலால் தடவிப் பார்த்து நடப்பார்கள். இவள் காலையே நம்பாமல் நின்றாள்.

அவர் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தார். "கோபுரத்துல வெயிலு பட்டு மின்னுது." "அங்கன ஒரு பிள்ள பலூனு வச்சிருக்கு." "அம்மன் பச்சப் பட்டு கெட்டியிருக்கா." எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தவள், சன்னதிக்கு நாலு எட்டு இருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்:

"அதெல்லாம் இருக்கட்டும். நீங்க இன்னைக்கு என்ன சட்ட போட்டிருக்கீய?"

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, புதுசு. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வரிசை நகர்ந்துவிட்டது. பின்னால் நின்ற நான், "நகருங்க அண்ணாச்சி" என்றேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

2

தொடக்கங்கள்.

"மார்கழிப் பனி, கரிசல் காட்டின் மேல் வெண்பட்டு விரித்ததுபோல்

இதை இங்கேயே நிறுத்தியது என் மனைவி சுப்புலட்சுமி. நான் எழுதுவதை எல்லாம் முதலில் படிக்கிறவள் அவள். படித்துவிட்டுப் பெரும்பாலும் ஒன்றும் சொல்லமாட்டாள். சொன்னால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

"வெண்பட்டா? போன வாரம் பூரா மூக்க உறிஞ்சிக்கிட்டு இந்தப் பனியத் திட்டுன திட்டு எனக்குல்லா தெரியும்?"

உண்மைதான். இந்த வட்டாரத்து மார்கழியில் ரசிக்க ஒன்றும் கிடையாது. பகலெல்லாம் அழுக்குப் போர்வைக்குள் கிடக்கிற மாதிரி இருக்கும். கொட்டித் தீர்க்கிற மழையும் பெய்யாது, விட்டும் தொலையாது. துணி காயாது. செடியிலிருக்கிற பருத்தி நனைந்து பழுப்பாகும். உளுந்தங்காய் செடியிலேயே முளைக்கும். கரிசல் மண்ணில் இறங்கினால் நாலு எட்டில் கால் இரண்டும் ஆட்டுக்கல் கனம் கனக்கும். நின்று குச்சியால் வழித்துப் போட்டுவிட்டுத்தான் ஐந்தாவது எட்டு வைக்க முடியும்.

இரண்டாவது தொடக்கம்: "தங்கத்தாய்க்கு உலகம் சாவித் துவாரம் அளவுக்குச் சுருங்கியிருந்தது." இதை வைத்துக்கொள்கிறேன்.

3

பெயர் வைத்ததும் நான்தான். வரிசையில் நின்றவரிடம் பெயரை யார் கேட்டார்கள்? அவர் மூக்காண்டி. அவளுக்கு முதலில் கோமதியம்மாள் என்றுதான் வைத்திருந்தேன். "அம்மன் பேரும் அதுதான. படிக்கவன் கொழம்ப மாட்டானா?" என்று சுப்புலட்சுமி கேட்டாள். தங்கத்தாய் ஆகிவிட்டாள்.

ஊர், இளையரசனேந்தலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். மூன்று மைல் காட்டுப்பாதையில் நடந்தால்தான் பஸ். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். பிள்ளை இல்லை. (பிள்ளை இருந்தால் அவனைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும், அவன் மேல் பழியைப் போட வேண்டும். இதில் பழி போட வெளியாள் யாரும் வேண்டாம்.)

அந்தக் கார்த்திகையில் திருநெல்வேலிக் கண் டாக்டர் ஒருவர் சொல்லிவிட்டார்: கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு வாடிவிட்டது. போன பார்வை திரும்பாது. இருக்கிறது தை, மாசி வரை தாங்கினால் பெரிது.

மூக்காண்டி மானாவாரி விவசாயி. மழை வருவதற்கு முன்பே, காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற ஆள். இந்தத் தேதிக்குள் பெய்யும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருப்பார். சில வருஷம் பலிக்கும், பல வருஷம் விதை எறும்புக்குப் போகும். ஆனாலும் அடுத்த வருஷமும் புழுதியில்தான் விதைப்பார். அப்படிப்பட்டவருக்குக் காத்திருப்பது ஒரு தப்பாகவே தோன்றாது. மாசி வரை தாங்கும் என்றால், தை முதல் வெள்ளி வசதியான நாள். மழை விட்டிருக்கும், பாதை காய்ந்திருக்கும். அன்றைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் அம்மனைக் கண்ணாரப் பார்க்கவைத்து, கண்மலர்* சாத்திவிட்டு வரவேண்டும். மனசுக்குள் முடிவு செய்துவிட்டார்.

(* வெள்ளித் தகட்டில் செய்த இரண்டு கண்கள். கண் குணமானால் சாத்துகிறேன் என்று நேர்ந்துகொள்வது வழக்கம். மூக்காண்டி குணமாவதற்கு முன்பே வாங்கி, விதைச் சோளப் பானைக்குள் வைத்துவிட்டார். அங்கே வைத்தால் பத்திரம் என்று நினைத்திருக்கிறார். இதை எழுதும்போது எனக்கு அவர் மேல் முதல்முறையாகப் பாசம் வந்தது.)

4

மார்கழி பதினெட்டு, வெள்ளிக்கிழமை. விடிந்து வெகுநேரம் ஆகியும் விடிந்தமாதிரி இல்லை. பனி மூட்டத்துக்கு மேலே தூறல் வேறு. மூக்காண்டி மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுவிட்டு வந்தார். தங்கத்தாய் தலை வாரி, கொண்டை போட்டு, வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கும் வெள்ளிக்கெழமதான? கோயிலுக்குப் போயிட்டு வந்துருவமா?"

"இந்தத் தூத்தல்லயா? மூணு மைலுட்டி. ஒரு கால எடுத்தா மறு காலு வராது."

"மெதுவாப் போவோம்."

"இன்னும் ரெண்டே வாரம். தை மொத வெள்ளிக்குப் பளிச்சுனு வெயிலடிக்கும். கண்மலரையும் சாத்திட்டு நல்லா நின்னு பாத்துட்டு வருவோம்."

"கண்மலர அன்னைக்குச் சாத்துவோம். இன்னைக்குப் பாத்துட்டு மட்டும் வருவோம்."

"சளி புடிச்சா என்ன செய்வ? தும்மி இருமி கண்ணுக்கு அலட்டல் குடுக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்லா. எதுத்த வேலி தெரியுதா ஒனக்கு?"

"தெரியுது."

வேலி அவளுக்குப் பத்து நாளாகத் தெரியவில்லை. முந்தாநாள் வரை மாட்டின் கொம்பு தெரிந்தது, இப்போது மாடே சத்தம்தான். தெரியவில்லை என்று ஒருதரம் சொன்ன அன்றைக்கு மூக்காண்டி தட்டைத் தொடாமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் தெரியுது என்றே சொல்லிவந்தாள்.

"நீ சொல்லு. இந்தப் பனியில எனக்கே வேலி தெரியல. ஒனக்குத் தெரியுதாம்ல" என்று அவர் சிரித்தார்.

தங்கத்தாயும் சிரித்துவிட்டாள். "அப்பம் இன்னைக்கு ஊருக்கே என் கண்ணுதான்னு சொல்லுங்க."

அவர் சாக்கை மடித்துத் தலையும் முதுகும் நனையாமல் கொங்காணி போட்டுக்கொண்டு காட்டைப் பார்க்கப் போனார். தங்கத்தாய் படியைவிட்டு இறங்கி, முற்றத்தில் தூறலிலேயே உட்கார்ந்தாள். குளிர் முதுகுத்தண்டில் ஏறியது. அவளுக்கும் அந்தக் குளிர் பிடிக்கத்தான் இல்லை. அதையும் நான் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளைத் தவம் இருக்கிறவள் ஆக்கிவிடுவேன். ஆனால் அவளிடம் மிச்சம் இருந்த நாள் இதுதான். வெயில் நாளாக மாற்றித் தா என்று யாரிடம் கேட்பது? கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். சாவித் துவாரத்துக்குள் ஒரு தூறல்துளி, வளையலின் கீழ்ப்புறத்தில் தொங்கிக்கொண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. அது விழுகிறவரைக்கும் பார்த்தாள். அப்புறம் அடுத்த துளி.

அவர் வந்து பார்க்கும்போது சேலை முழுக்க நனைந்திருந்தது. "கூறு இருக்காட்டி ஒனக்கு?" என்று கத்தினார். தன் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிவிட்டார்.

5

இங்கேதான் மூன்று வருஷமாக நிற்கிறேன்.

முதல் முடிவு: மறுநாளே மேகம் கலைந்து வெயில் அடிக்கிறது, இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிடுகிறார்கள். எழுதிச் சுப்புலட்சுமியிடம் கொடுத்தேன்.

"ஒங்க கையிலதான் வெயிலு இருக்குன்னா, மொதல்லயே அடிக்க வைக்கலாம்லா? அந்தப் பொம்பளைய எதுக்கு நனைய விட்டீய?"

அடித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு: மூக்காண்டி அவள் பேச்சைக் கேட்டு அன்றைக்கே கிளம்புகிறார். இதில் பாதி எழுதி

ஏன் பாதியில் விட்டேன் என்றால், அது நடக்கவில்லை. நடந்தது மூன்றாவது. மார்கழி இருபத்தைந்துக்கு மேல் ஒருநாள் காலையில் தங்கத்தாய் எழுந்து உட்கார்ந்து, "இன்னும் விடியலயா?" என்று கேட்டாள். மூக்காண்டி பனி என்று நினைத்துக்கொண்டு, "மூடிக்கிட்டு கெடக்குட்டி" என்றார். வெளியே வந்து பார்த்தால், அன்றைக்குத்தான் வானம் நன்றாக வெளுத்திருந்தது. பார்த்தவர், உள்ளே திரும்பிப் போக வெகுநேரம் ஆயிற்று.

தேதி தப்பவில்லை. திட்டமிட்டபடியே தை முதல் வெள்ளிக்கு, காய்ந்த பாதையில், புதுச் சட்டை போட்டு, கண்மலரோடு கூட்டிப் போனார். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

"அவரு குடிகாரனா இருந்தா எனக்குக் கோவமாவது வரும்" என்றாள் சுப்புலட்சுமி. "நல்ல மனுசன இப்படிப் பண்ணிட்டீயளே." கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பண்ணினது நான் இல்லை என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

6

ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். அன்றைக்கு வரிசையில் என் காதில் விழுந்தது ஒரு கேள்வி மட்டும் இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு வாக்கியம் கேட்டேன். எழுதத் தைரியம் இல்லாமல் மறைத்து வைத்திருந்தேன்.

நான் "நகருங்க" என்றபோது அவர் நகரவில்லை. தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தபடியே சொன்னார்:

"அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கணும்."

அவள் அவர் கையைத் தேடிப் பிடித்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"அதுக்கு என்ன செய்ய? தூறிச்சுல்லா."

அவ்வளவுதான். அவள் கோபப்பட்டிருந்தால் நான் இந்தக் கதையை எழுதியிருக்கமாட்டேன்.

மூன்று வருஷமாக ஏன் எழுதி முடிக்கவில்லை என்றால் அதற்கும் காரணம் வைத்திருக்கிறேன். கூரை ஒழுகியது. காகிதம் நமுத்து மை ஊறியது. எனக்குச் சளி. நல்ல வெளிச்சமாக ஒரு காலைநேரம் கிடைக்கட்டும், தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். மூக்காண்டியைக் குறைசொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இன்றைக்கு மார்கழி இருபது. ஜன்னலுக்கு வெளியே ரத வீதி தெரியவில்லை. தூறிக்கொண்டுதான் இருக்கிறது. மை ஊறினால் ஊறட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

7

பாதியில் விட்ட இரண்டாவது முடிவை எடுத்துக்கொள்கிறேன். நடக்கவில்லை என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மார்கழி பதினெட்டு. தங்கத்தாய் படியில் உட்கார்ந்திருக்கிறாள். மூக்காண்டி, "எதுத்த வேலி தெரியுதா?" என்று கேட்கிறார்.

"தெரியல" என்கிறாள்.

அவர் அப்படியே நிற்கிறார். "எத்தன நாளா?"

"பத்து நாளா. சாப்பிடாம எந்திரிச்சிப் போயிராதீய. வாங்க, போவோம்."

அவர் இன்னொரு சாக்கை மடித்து அவள் தலையில் போடுகிறார். இறங்கிவிட்டார்கள். மண் ஒட்டுகிறது. நாலு எட்டுக்கு ஒருதரம் அவர் குனிந்து, முதலில் அவள் காலை வழிக்கிறார், பிறகு தன் காலை. தூறல் பிடரியில் இறங்குகிறது. அவளுக்குப் பல் கிட்டுகிறது. இரண்டு பக்கமும் கொத்தமல்லிச் செடி நிற்பது வாசத்தில் தெரிகிறது. ஒரு மைல் வந்திருப்பார்கள். பஸ் சத்தம் மாதிரி ஏதோ கேட்கிறது, காற்றாகவும் இருக்கலாம்.

"நில்லுங்க" என்கிறாள்.

"என்னட்டி, கால் வலிக்கா?"

"இல்ல. இங்கன திரும்புங்க."

அவர் திரும்புகிறார். அவள் மிச்சமிருக்கிற பார்வையை அவர் மேல் கொண்டுவருகிறாள். சாவித் துவாரத்துக்குள் ஒவ்வொன்றாக வருகிறது. சாக்கு விளிம்பில் சொட்டுகிற தண்ணீர். நரைத்த மீசை. கழுத்து. அப்புறம் சட்டை: சாயம் போன நீலம், மேல்பித்தான் இல்லை, அந்த இடத்தில் ஊக்கு.

"இந்த நீலச் சட்டதானா" என்கிறாள்.

"நல்ல சட்டையெல்லாம் நனஞ்சிரும்னு

அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை. அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இனி உங்கள் பாடு. பஸ்ஸை வரவைப்பதானால் வரவையுங்கள். கோயில் நடை திறந்திருக்கட்டும், சாத்தியிருக்கட்டும், அதுவும் உங்கள் இஷ்டம். பாதிவழியில் அவர்களை வீட்டுக்கே திருப்பி அனுப்பினாலும் நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

வெயிலை மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள். ஒரு கீற்று தெரிந்தாலும் போதும், அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பாத்தியா, வானம் வெறிக்குது. தை வெள்ளிக்கே போயிக்கிடுவோம்" என்று அவள் கையைப் பிடித்துத் திரும்பிவிடுவார்.