நாதப் பொருத்தம்

பத்துப் பொருத்தமும் பார்த்து, தை மாதம் முகூர்த்தமும் குறித்த பிறகு, என் அக்கா பூங்கொடிக்குப் பதினொன்றாவதாக ஒரு பொருத்தம் பார்க்க வேண்டுமென்று செங்கல்பட்டிலிருந்து எங்களை மாமல்லபுரத்துக்கு வரவழைத்தார்கள். மாப்பிள்ளை சரவணகுமாரின் அம்மா கண்ணகி அத்தைக்கு, கேளம்பாக்கம் ஃபிளாட்டில் யாரோ சொன்னார்களாம், நாதப் பொருத்தம் பார்க்காத கல்யாணம் நிலைக்காது என்று.

பார்ப்பவர் பெயர் அருணகிரி. பலகையில் ‘நாத விஞ்ஞானி’ என்று போட்டிருந்தார். விஞ்ஞானியிடம் இருந்தது ஒரு ஸ்பீக்கர், அதன் மேல் நடுவில் திருகிய சதுரத் தகடு, தகட்டில் தூவிய கடற்கரை மணல், ஒரு மைக். காலேஜில் ஃபிசிக்ஸ் சேர்ந்த வாரமே இதை நான் வீட்டில் தகரத் தட்டும் ரவையும் வைத்துச் செய்தேன். உப்புமாவுக்கு வைத்த ரவை போச்சு என்று அம்மா திட்டினாளே தவிர, விஞ்ஞானி என்று சொல்லவில்லை.

“முதலில் வரன் தன் பெயரைச் சொல்லட்டும்,” என்றார் அருணகிரி.

“அவனுக்கு வெக்கம் சாமி, நானே சொல்லிர்றேன்,” என்று அத்தை மைக்கைப் பிடுங்கி, “சரவணகுமாஆஆர்” என்று இழுத்தார். ஷேர் ஆட்டோவுக்கு ஆள் கூப்பிடுகிற குரல், துளி ஆடவில்லை. மணல் துள்ளி ஓடி, கோடு கோடாகச் சேர்ந்து, தாமரைக் கோலமாக நின்றது. யார் குரல் என்பது விஞ்ஞானிக்கு ஒரு பொருட்டே இல்லை.

அவர் மணலைக் கலைத்துப் பரப்பினார். அடுத்து அக்கா. “பூங்கொடி,” என்றாள். குரல் நடுங்கியது. மணல் சும்மா சிதறிக் கிடந்தது.

“நாத தோஷம். இந்தப் பெண் போகிற வீடும் இப்படித்தான் சிதறும்.”

அக்கா முகம் வெளுத்துவிட்டது. நாலு மாதமாக அந்தச் சரவணகுமார் போனில் சொல்லும் ‘ம்’முக்கே சிரித்துக்கொண்டிருந்தவள்.

நான் மைக்கை வாங்கி, தொண்டையை அத்தையின் சுருதிக்கு ஏற்றி, “பரோட்டாஆஆ” என்று இழுத்தேன். அதே தாமரை.

“பரோட்டாவுக்கும் உங்க புள்ளைக்கும் அமோகப் பொருத்தம் அத்த. முகூர்த்தத்த மாத்த வேணாம்.”

“டேய், சும்மா கெட,” என்ற அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“பேரு இன்னான்னு தகட்டுக்குத் தெரியாது அத்த. சரியான சுருதில இழுத்தா, குலுங்குற எடத்துலேர்ந்து மண்ணு ஓடிப்போயி ஆடாத எடத்துல குந்திக்கும். அவ்ளோதான்.”

“இதற்குப் பரிகாரம் உண்டு,” என்று ஆரம்பித்தார் அருணகிரி.

“எதுக்கு, பரோட்டாவுக்கா?”

அத்தை தகட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி வுடு தம்பி, மண்ணுதான. எனக்கு ஆட்சேபன இல்ல.”

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அக்கா மைக்கை என்னிடமிருந்து எடுத்துச் சரவணகுமார் கையில் கொடுத்தாள்.

“உங்க அம்மாக்கு ஆட்சேபன இல்ல. உங்களுக்கு? அவரு தோஷம்னு சொன்னப்பகூட சும்மாதான் நின்னுகினு இருந்தீங்க. என்னக் கட்டிக்க இஷ்டமான்னு நீங்களே சொல்லுங்க.”

அவன் மைக்கைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

“சொல்லுவாம்மா, வெக்கப்படுறான்,” என்றார் அத்தை. தூரத்துக் குரலுக்குத் தகட்டின் ஓரத்தில் நாலு மணல் சிலிர்த்து அடங்கியது.

எல்லோரும் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு ஒரு மணல் அசையவில்லை.

“வாம்மா,” என்றாள் அக்கா. “செங்கல்பட்டு பஸ்ஸு போயிடும்.”

வாசலில் திரும்பிப் பார்த்தேன். அவன் இன்னும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். பரோட்டாத் தாமரை கலையாமல் இருந்தது.