ரிலீவர் வரும்வரை

"போன் கால் மட்டும் வர்ற மாதிரி வுட்டுக்கிறன் தம்பி. ஒரே ஒரு போன் வரணும்" என்றான் வளவன்.

"அதுக்கு நீங்க வராமலே இருக்கலாம்ணா" என்றது காதுக்குள் ஜெயகணேஷின் குரல். "போன வாரம் பாத்தீங்கல்ல? ஒருத்தனோட அம்மா போன் பண்ணி மாவு பாக்கெட் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. கேம் அப்படியே நின்னு போச்சு. இருபது பேரும் செத்தோம்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். வளவனும் சிரித்துவிட்டு அழைப்புகளை அடைத்தான்.

பகல் முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றித் திரிந்திருந்தான். ராஜாங்கம் கூப்பிடவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் வளவனுக்கு சூப்பர்வைசர் அவர். பழைய காண்ட்ராக்டரின் காலம் முடிந்துவிட்டது. புதிதாக வருகிறவர் பாதி ஆட்களைத்தான் எடுப்பார். நேற்று ஷிப்டு முடிந்து வெளியே வரும்போதே ராஜாங்கம் சொல்லிவிட்டார்: "நாளைக்கி போன் பண்ணுவன். கூப்புட்ட ஒடனே ஆதார எடுத்துகினு ஆர்ச் கேட்டாண்ட வந்துடணும். ரேகை வச்சவனுக்கு புது கேட் பாஸ். வராதவன் எடத்துல அடுத்தவன். அப்பறம் ஏங்கிட்ட வந்து மூஞ்ச காட்டாதீங்க."

பொழுது சாயும் நேரத்தில், அழைப்புகளை அடைத்த கையோடு, வளவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. மனைவி செந்தாமரையின் நம்பரை ராஜாங்கத்துக்கு அனுப்பினான். என் போன் எடுக்காவிட்டால் இதில் கூப்பிடுங்கள் என்று எழுதினான். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாகத்தான் அப்போது நினைத்தான்.

முத்தாண்டிக்குப்பத்து வாடகை வீட்டில் இருந்தது ஒரே அறை. செந்தாமரை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சார்ஜர் ஒயரை இழுத்து போனில் மாட்டிக்கொண்டான்.

இருபது பேர் ஒரே நேரத்தில் போனுக்குள் கூடி ஓர் அரக்கனை அடிப்பதற்கு ரெய்டு என்று பெயர். அப்படிக் கூடுகிறவர்களின் சங்கம் கில்டு. இந்த கில்டைத் தொடங்கியவர்கள் சுரங்கத்து நிரந்தர ஊழியர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பின் பிள்ளைகள். கில்டின் தலைவனான ஜெயகணேஷின் அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட். அவன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை இல்லாமல் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்திருந்தான். வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சையே கில்டுக்கும் சட்டமாக்கிவிட்டான். நிரந்தரமாக இடம் உள்ளவர்கள் பர்மனென்ட். ஆள் குறைந்தால் கூப்பிடப்படுகிறவர்கள் காண்ட்ராக்ட். ஒருவர் எழுந்தால் அந்த இடத்தில் வந்து நிற்கிறவர் ரிலீவர்.

பர்மனென்ட் ஆக வேண்டுமென்றால் ஒரு ரெய்டும் தவறக் கூடாது. ஆரம்பிப்பதற்கு முன்பே வந்து நிற்க வேண்டும். மருந்து, ஆயுதம் எல்லாம் அவரவரே சேர்த்துக்கொண்டு வர வேண்டும். தலைவன் திட்டினால் எதிர்த்துப் பேசக் கூடாது. பாதியில் போகவே கூடாது. வளவன் மழைக்காலம் தொட்டு இதையெல்லாம் செய்துகொண்டிருந்தான். இன்றைக்கு அடிக்க வேண்டிய கல்லரக்கன் விழுந்தால் அவன் பர்மனென்ட்.

அவன் வேலை முன்னால் நின்று அடி வாங்குவது. அரக்கன் தன்னையே அடிக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குள் மற்றவர்கள் பக்கவாட்டில் நின்று அரக்கனை அடித்துத் தீர்ப்பார்கள். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை வாரிப் போடுவது அவன் பிழைப்பு. அங்கே அவனை "ஏய், அந்தாண்ட" என்று கூப்பிடுவார்கள். இங்கே "வளவண்ணா வந்தாச்சா, ஆரம்பிக்கலாமா" என்று பத்தொன்பது பேர் கேட்பார்கள். இதை செந்தாமரையிடம் ஒருநாள் சொன்னான். "எங்க மாமனாரு சுரங்கத்துக்கு நெலத்த குடுத்தாரு, அவுரு புள்ள காண்ட்ராக்ட் ஆனாரு. இப்ப போனுக்குள்ள பர்மனென்ட் ஆவப் போறாரு. சம்பளத்த எந்த பேங்க்ல போடுவாங்க?" என்றாள். அதற்குப் பிறகு அவன் அவளிடம் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

ரெய்டு தொடங்கியது. கல்லரக்கன் முதல் அடியிலேயே வளவனின் பாதி உயிரை எடுத்தான். கில்டின் சண்முகப்ரியா அவனுக்கு மருந்து போட்டுக்கொண்டே இருந்தாள். அவள் டவுன்ஷிப்பில் வேறு பிளாக். வளவன் அவளை நேரில் பார்த்ததில்லை.

செந்தாமரை போனும் கையுமாக உள்ளே ஓடி வந்தாள்.

"யோவ், ராஜாங்கம் கூப்புடறாரு. இப்பவே வரணுமாம்."

வளவன் தலையை நிமிர்த்தவில்லை. "வரன்னு சொல்லு."

"குளிச்சிகினு இருக்காரு, வந்துடுவாருங்க" என்று போனில் சொல்லிவிட்டு அவள் அங்கேயே நின்றாள். "சொல்லிட்டன். எழுந்திரு."

"தம்பி, எனக்கு அவசரமா கேட்டுக்குப் போவணும். ரிலீவர் இருக்கானா?" என்று கேட்டான் வளவன்.

"இப்பவா? அரக்கனுக்கு இன்னும் பாதி உயிர்தான்ணா போயிருக்கு. கலைச்செல்வன் வர்றேன்னு காலையிலேயே சொன்னான். இன்னும் ஆன்லைன்ல காணோம். மெசேஜ் போடுறேன். வந்ததும் மாத்திடலாம், அதுவரைக்கும் நில்லுங்க."

ரிலீவர் வரும்வரை நில். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வளவன் கேட்டு வருகிற வார்த்தை அது. பெல்ட் ஓடும்போது அடுத்த ஆள் வராமல் இடத்தை விட்டு அசையக் கூடாது. மூத்திரம் முட்டினாலும் அசையக் கூடாது. விட்டுப் போனால் மண் குவிந்து பெல்ட் நிற்கும், பெல்ட் நின்றால் சுரங்கமே நிற்கும். அவன் கால்களுக்கு அது பழகிவிட்டது. கலைச்செல்வன் வருவான் என்று நின்றான். கலைச்செல்வனும் அதே பெல்ட்டில் வேலை செய்கிறவன்தான். வளவன்தான் அவனைக் கில்டில் சேர்த்துவிட்டவன்.

செந்தாமரையின் போன் மறுபடி அடித்தது.

"கெளம்பிட்டாருங்க. வண்டி ஸ்டார்ட் ஆவல, தள்ளிகினு போறாரு" என்றாள் அவள். போனை இடுப்பில் செருகிவிட்டுக் கத்தினாள். "எத்தன பொய்யிய்யா நான் சொல்றது? பொம்ம சண்டைக்கி வேலையத் தொலைக்கப் போறியா? எழுந்திரிய்யா!"

"அண்ணி வாய்ஸ் சூப்பர்" என்றது ஒரு குரல். சிரிப்பு.

"மைக்க ஆஃப் பண்ணுங்கண்ணா" என்றான் ஜெயகணேஷ். "கான்சன்ட்ரேஷன் போகுது."

"அவரு போகட்டும் ஜெய்" என்றாள் சண்முகப்ரியா. "வேலை விஷயம் போல."

"அவரு போனா நாம எல்லாரும் போய்ச் சேர வேண்டியதுதான். இத்தனை மாசம் வேஸ்ட். அண்ணா, நீங்களே சொல்லுங்க. போறதுன்னா போங்க. ஆனா அப்புறம் காண்ட்ராக்ட்லயும் எடுக்க முடியாது. ரூல் ரூல்தான்."

வளவன் மைக்கை அணைத்தான். செந்தாமரையைப் பார்த்து, "கொஞ்சம் இரு. வுழப் போறான்" என்றான்.

அவள் ஆதார் அட்டையை அவன் மடியில் போட்டாள். அட்டை சரிந்து தரையில் விழுந்தது. இரண்டு கைகளும் போனில் இருந்ததால் அவன் அதை எடுக்கவில்லை.

மூன்றாவது முறை போன் அடித்தபோது அவள் எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றது. அதற்கப்புறம் வரவில்லை.

கல்லரக்கன் விழுந்தபோது காதுக்குள் எல்லாரும் கூச்சலிட்டார்கள். யாரோ விசில் அடித்தார்கள். வளவன் போனை வைத்துவிட்டு அட்டையைத் தேடி எடுத்தான். செருப்பைக்கூட மாட்டாமல் வண்டியை உதைத்தான். வண்டி உடனே கிளம்பிவிட்டது.

ஆர்ச் கேட்டில் டீக்கடை வெளிச்சத்தில் ராஜாங்கம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ரேகை வாங்க வந்தவர்களின் கார் போய்விட்டிருந்தது.

"வண்டியத் தள்ளிகினே வந்தியா?" என்றார்.

"அண்ணே, நான்..."

"பேசாத. மொத பேரே உன்னுதுதான்டா. எவன் ஓடினாலும் இவன் எடத்த வுட்டு அசைய மாட்டான், கண்ண மூடிகினு எடுங்கன்னு புதுசா வந்த காண்ட்ராக்டரு எதிர்ல சொன்னன். அவுரு வாச்சப் பாத்துகினு நிக்கிறாரு. நான் உம் பொண்டாட்டிகிட்ட கெஞ்சிகினு நிக்கிறன்."

"நாளைக்கி ஆபீஸ்ல போயி..."

"ஆள் ரொம்பிப் போச்சி. நாளைக்கி வந்தா கேட்ல செக்யூரிட்டிதான் உன்ன பாப்பான்." டீ கிளாஸைப் பலகையில் வைத்துவிட்டு, வளவன் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்.

கலைச்செல்வன் கடைக்குப் பின்னாலிருந்து வந்தான். பெருவிரலில் மை தெரிந்தது. அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"நீ வந்துடுவன்னுதான் நெனச்சன்ணா. மெசேஜ் பாத்துட்டு ரெய்டுக்குத்தான் ஒக்காந்தன், அதுக்குள்ள சூப்பர்வைசரு கூப்ட்டாரு. ஆளு பத்தல, ஓடியான்னாரு. உன் எடம்னு எனுக்குத் தெரியாதுண்ணா. எம் புள்ள மேல சத்தியமா தெரியாது."

"சரி வுடு."

கலைச்செல்வன் கேட்டான்: "ரெய்டு இன்னாச்சி?"

"முடிஞ்சிது."

"செத்தானா?"

"செத்தான்."

"அப்ப நல்லது" என்றவன், வாயிலிருந்து வந்துவிட்டதைக் கேட்டுத் தானே தலையைக் குனிந்துகொண்டான். வளவன் வண்டியைத் திருப்பினான்.

வீட்டில் செந்தாமரை விளக்குப் போட்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை.

"போச்சா?"

"போச்சி."

கழுநீரை வாசலில் ஊற்றிவிட்டு வந்தாள். "காலையில நான் டவுன்ஷிப்புக்குப் போறன். பாத்திரம் தேய்க்க ரெண்டு வூடு கேக்கணும். மொத பஸ்ஸுக்கே கெளம்பிடுவன். சோத்த நீயே போட்டுத் தின்னு" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள்.

அவன் அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். போனில் வாழ்த்துகள் குவிந்து கிடந்தன. கடைசியில் ஜெயகணேஷ் எழுதியிருந்தான்: "செமண்ணா இன்னைக்கு! நீங்க நிக்கலைன்னா முடிஞ்சிருக்காது. இனிமே நீங்க பர்மனென்ட். அடுத்தது இதை விடப் பெரிசு. பகல்ல பிராக்டிஸ் வைக்கலாம்னு பாக்குறோம். உங்களுக்கு டூட்டி இருக்குமேன்னுதான் யோசனை."

வளவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். பிறகு கட்டைவிரலால் அழுத்தி எழுதி அனுப்பினான்.

"டூட்டி இல்ல தம்பி. எப்ப வேணா வைங்க."