நாலு பக்கம் தாய்ப் பெருமை

"அண்ணி, தாலி ஏறுற வரைக்கும் நீங்க இந்தப் பக்கம் வராம இருந்தா தேவலை," என்றாள் செண்பகம், பல் தெரியாமல் சிரித்து. "ஸ்டோர் ரூமையும் நம்பிக்கையான ஆளு பாத்துக்கணும் இல்ல?"

மகளின் ஜடையில் வைக்கப்போன மல்லிகைச் சரம் கிருஷ்ணவேணியின் கையிலேயே நின்றது. தம்பி பெண்டாட்டி அதைப் பக்குவமாக வாங்கிக்கொண்டாள். கணவனை இழந்தவள் கை படக் கூடாதாம். முந்தின நாள் உட்கார்ந்து அதைத் தொடுத்ததும் அதே கைதான். அது செண்பகத்துக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

"அம்மா இங்கயே இருக்கட்டும் அத்தை," என்றாள் மணப்பெண் ஆர்த்தி.

"நீ பேசாத கண்ணு, மை கலைஞ்சிடும்."

"மாப்ள வூட்ல யாராவது கேட்டாங்களா செண்பகம்?"

"கேக்கல அண்ணி. கேக்கற மாதிரி நாம வெச்சுக்கலாமா?"

தம்பி பெரியசாமி இது எதிலும் தலையிடவில்லை. பெரிய மனிதர்களுக்குப் பெரிய கவலைகள் உண்டு. பட்டுச் சட்டையில் கண்ணாடி முன் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, 'பத்து மாதம் சுமந்த தெய்வம்'னு வர்ற எடத்துல கைய எங்க வெக்கணும்?"

"நெஞ்சுல வை தம்பி. எந்தப் பக்கம்னு தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையாட்டினான்.

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு மண்டி வைத்திருந்த பெரியசாமிக்கு, அந்த 2004ஆம் வருஷம், வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் ஆகும் ஆசை வந்திருந்தது. செயலாளர் என்றால் மேடையேற வேண்டும். மேடையேறினால் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விழுப்புரத்தில் தமிழாசிரியையாக இருந்த அக்கா, பேச்சுப் போட்டிக்கு அனுப்பிய பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பியதில்லை என்பது அப்போதுதான் அவன் ஞாபகத்துக்கு வந்தது. ஆறு மாதம், ஞாயிறு தவறாமல், பஸ் பிடித்து வந்தான்.

"தாளைப் பாக்காத. எதிர்ல ஒரு மூஞ்சியப் புடிச்சிக்கோ, அதுங்கிட்ட பேசு," என்று சொல்லிக் கொடுத்தாள். அவன் பிடித்துக்கொண்டது அவள் முகத்தை. எந்தக் கூட்டமானாலும் முன்வரிசையில் அவள் இருந்தாக வேண்டும். அவன் தடுமாறினால் அவள் உதடு அடுத்த வார்த்தையை அசைத்துக் காட்டும். கைதட்டல் அவனுக்கு, சால்வையும் அவனுக்கு.

இன்றைய உரைக்குத் தலைப்பு தாயின் பெருமை. நாலு பக்கம். எழுதியவள் ஸ்டோர் ரூமில் கத்தரிக்காய் மூட்டைக்குக் காவல் இருந்தாள்.

முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல். சங்கத் தலைவர் சீனுவாசன் ஒன்பதுக்கே சென்னை கிளம்புவதாகச் சொன்னதால், தாலிக்கு முன்பே வாழ்த்துரை என்று பெரியசாமி ஏற்பாடு செய்திருந்தான்.

ஸ்பீக்கர் வழியே தம்பியின் குரல் மூட்டைகளுக்கு நடுவிலும் கேட்டது. முதல் பக்கம் கணீரென்று போயிற்று. "பத்து மாதம்..." என்றான். நின்றான். மறுபடி, "பத்து மாதம்..." கூட்டத்தில் யாரோ, "அப்புறம் என்ன, பிரசவம்தான்," என்றதும் சிரிப்பு கிளம்பியது.

செண்பகம் ஓடி வந்தாள். "அண்ணி, ஜல்தி வாங்க. அவரு நின்னுக்கினே இருக்காரு. முன்வரிசையில உங்களத் தேடறாரு."

"முன்வரிசைக்கா வரச் சொல்ற?"

"ஐயோ, இல்ல. மேடைக்குப் பின்னால திரை மறைவுல நின்னு எடுத்துக் குடுங்க. யாருக்கும் தெரியாது."

"என் மூஞ்சி ஆகாது, என் வார்த்தை மட்டும் ஆகுமா செண்பகம்?"

"பேஜாரு பண்ணாதீங்க அண்ணி, மானம் போவுது."

கிருஷ்ணவேணி எழுந்தாள். முந்தானையில் கை துடைத்தாள். திரைப் பக்கம் போகாமல் கூட்டத்தின் நடுவே நடந்து மேடை ஏறினாள். தம்பி உயிர் திரும்பியவன்போல் மைக்கைக் கொடுத்துவிட்டான்.

"நான் பொண்ணோட அம்மா," என்றாள். "தம்பி பேசினது நான் எழுதிக் குடுத்தது. மீதி மூணு பக்கம் நீளம், உட்டுடலாம். என் வூட்டுக்காரரு எட்டு வருஷத்துக்கு முன்னாடி லாரி மோதி செத்தாரு. அந்த லாரிய நான் ஓட்டல. அதனால எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறும்போது நான் பக்கத்துல நிக்கப் போறேன்."

மைக்கைத் தம்பியிடமே கொடுத்துவிட்டு, மணவறையில் ஆர்த்தி உட்காரப்போகும் மணைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். ஐயர் பஞ்சாங்கத்தில் இல்லாததைத் தேடினார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும், "நில்லுங்க சம்பந்தி, யாரு வேணாண்ணது," என்றாள். தாலி ஏறியது. இடி விழவில்லை.

கிளம்ப மறந்திருந்த சீனுவாசன் மேடைக்கு வந்தார். "கைம்பெண்ணை மேடையேத்திப் பேச வெச்ச சீர்திருத்தவாதி," என்று முழங்கி, கையிலிருந்த சால்வையைப் பெரியசாமிக்குப் போர்த்தினார். அதை வாங்கிக்கொள்வதில் பெரியசாமி ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

அடுத்த மாதமே செயலாளர் ஆனான். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் வந்து நின்றான்.

"அக்கா, பதவியேற்பு வெள்ளிக்கிழமை. 'கைம்பெண்கள் வாழ்வு'ன்னு ஒரு பத்து நிமிஷம் எழுதிக் குடு. நம்ம பேருக்கு இப்ப அதான் எடுபடுது."

"எழுதலாம். முன்வரிசையில நான் இருக்கணுமே?"

பெரியசாமி நெளிந்தான். "அன்னைக்குக் குத்துவிளக்கு ஏத்தறாங்கக்கா. பொம்பளைங்க நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. வீடியோக்காரன் நிக்கிற எடத்துல ஓரமா நின்னுக்கோயேன்."

கிருஷ்ணவேணி கோபப்படவில்லை. மேஜையிலிருந்து நாலு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து அவன் முன் வைத்தாள்.

"நீயே எழுது தம்பி. எட்டு வருஷமா பாத்துக்கினுதான இருக்க."

அவள் உலை வைத்து, சோறு வடித்து, குழம்பும் இறக்கி வந்து பார்த்தபோது, 'பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே' என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.