மோர்ன் கபூஷில் ஜோடி கட்டிய ஓட்டு

எங்கள் மோர்ன் கபூஷ் தொகுதியைப் போல வீம்பு பிடித்த தொகுதி இந்தத் தீவிலேயே கிடையாது. நாடு முழுக்கச் சேவல் சின்னத்துக்குக் குத்தினால் நாங்கள் விளக்குக் கட்சியை ஜெயிக்க வைப்போம். நாடு விளக்கின் பக்கம் சாய்ந்தால் நாங்கள் சேவலைத் தூக்கிக்கொண்டு ஆடுவோம். சுதந்திரம் வந்ததிலிருந்து இதே கூத்துதான். ஒரு தடவையாவது ஆளுங்கட்சி ஆளை அனுப்பியிருக்கிறோமா? கிடையாது. அதுவும் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தாலாவது பரவாயில்லை. பத்து ஓட்டு, ஏழு ஓட்டு! தலையில் அடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அதனால்தான் எங்களுக்குப் பாலம் இல்லை. திவே ஆற்றின் நடுவில் ஒரே ஒரு தூண் நிற்கிறது. எந்தக் காலத்திலோ தேர்தலுக்கு முந்தின மாதம் எழுப்பினார்கள். முடிவு வந்த மறுநாளே கலவை இயந்திரம் லாரியேறிப் போய்விட்டது. போய்க் கேட்டால், "உங்க எம்.பி.யையே கட்டித் தரச் சொல்லுங்க" என்றார் அப்போதைய அமைச்சர். இப்போது அந்தத் தூணில் கொக்கு உட்காருகிறது.

முன்பெல்லாம் இது எனக்கு வெறும் எரிச்சல். என் வீட்டுக்காரர் ஹிலேரியனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு இது உயிர்ப் பிரச்சினை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்கு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். மலையில் மழை பெய்தால் ஆற்றில் கால் வைக்க முடியாது. மினிபஸ் அக்கரையிலேயே நின்றுவிடும். ஒரு தடவை தவறினாலே முகமும் காலும் வீங்கி மூச்சு வாங்குவார். அடுத்தடுத்து இரண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்று நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள்.

இந்த முறை விளக்குதான் ஆட்சிக்கு வரும் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் விளக்கு வேட்பாளர் எகார்ட் வாத்தியார், ஜெயித்தால் பாலம்தான் முதல் வேலை என்று மாதா கோயில் வாசலில் சத்தியமே பண்ணினார். நான் எப்போதும் விளக்கு. ஆனால் என் வீட்டுக்காரர்? சேவல்! அவர் அப்பா சேவல், தாத்தா சேவல். டயாலிசிஸ் ஊசி குத்தும்போதுகூடச் சேவல் போட்ட பனியனோடுதான் படுத்திருப்பார்.

எங்கள் ஊரில் ஜோடி கட்டுவது என்று ஒரு வழக்கம் உண்டு. உன் ஓட்டும் என் ஓட்டும் ஒன்றையொன்று தின்றுவிடப் போகிறது, எதற்கு வெயிலில் மலையேறி வரிசையில் நிற்க வேண்டும் என்று ஒரு விளக்கும் ஒரு சேவலும் கைகொடுத்துக்கொண்டு, தேர்தலன்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். டாமினோ ஆடுவார்கள், ரம் குடிப்பார்கள். கைகொடுத்துவிட்டு ஏமாற்றியவன் முகத்தில் ஊரில் யாரும் விழிக்க மாட்டார்கள். கல்யாணமான வருஷத்திலிருந்து நானும் அவரும் ஜோடி.

இந்தத் தேர்தலுக்கும் நான்தான் முதலில் கையை நீட்டினேன்.

"யோவ், வழக்கம்போலத்தானே?"

"இந்தத் தடவையுமா?" என்று இழுத்தார்.

"பின்னே? உன்னை விட்டா சேவலுக்குக் குத்திட்டு வந்து நிப்பே. கொடு கையை."

என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கொடுத்தார்.

தேர்தலன்று வாசலை மறித்து நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். வாழைக்காய் அவித்து, கருவாடு வதக்கி, அவர் தட்டில் மட்டும் உப்புக் கருவாடு இல்லாமல் வைத்தேன். மத்தியானம் ஆள் தொப்பியை எடுத்து மாட்டினார்.

"எர்னெஸ்டின், கால் மரத்துப்போச்சு. பள்ளிக்கூடம் வரைக்கும் சும்மா நடந்துட்டு வரேன்."

பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுப்பெட்டி இருந்தது.

"யாருகிட்ட காது குத்துறே? உட்காருய்யா!"

"ஜோடியைக் கலைச்சுக்குவோமே. நீயும் போ, நானும் போறேன்."

"கைகொடுத்தாச்சு. இந்த வயசுல கெட்ட பேரு வாங்கித் தராதே."

தொப்பியைக் கழற்றிவிட்டு டாமினோ ஆட உட்கார்ந்தார். எல்லா ஆட்டத்திலும் நானே ஜெயித்தேன். சேவலை மடக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை ரேடியோவில் சொன்னார்கள். நாடு முழுக்க விளக்கு. மோர்ன் கபூஷில் மட்டும் சேவலுக்கு நின்ற வக்கீல். எத்தனை ஓட்டில்? ஒரே ஒரு ஓட்டில்! மறுபடி மறுபடி எண்ணியும் அதே ஒரு ஓட்டுதான்.

"பாவிகளா, நீங்க நல்லாயிருப்பீங்களா!" என்று ஜன்னலில் நின்று ஊரையே திட்டினேன். ஆத்திரம் அடங்கவில்லை. அவர் பக்கம் திரும்பினேன்.

"உன் சேவல் ஜெயிச்சிடுச்சுய்யா. நல்லா கூவிக்கோ!"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் விளக்குக்குத்தான் குத்தலாம்னு இருந்தேன்."

"என்னது?"

"உடம்புதான் கெட்டிருக்கு எர்னெஸ்டின், புத்தி கெடலை. பாலம் வேணும்னு எனக்குத் தெரியாதா?"

"அடப்பாவி மனுஷா! வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன கேடு?"

"எப்படிடி சொல்றது? எங்கப்பன் காலத்துலேர்ந்து சேவல். உன்கிட்ட சொன்னா ஊரு முழுக்கத் தமுக்கடிப்பே. யாருக்கும் தெரியாம உள்ளே போயி குத்திட்டு வந்துடலாம்னு பார்த்தேன். நீதான் வாசல்லயே உட்கார்ந்துட்டியே."

இரண்டு விளக்கு ஓட்டு ஒரே வீட்டில் உட்கார்ந்து டாமினோ ஆடியிருக்கிறது. ஒரு ஓட்டில் தோற்றதை ஒரு ஓட்டில் ஜெயித்திருப்போம். அவரை அறையலாமா, என்னையே அறைந்துகொள்ளலாமா என்று தெரியாமல் அழுதேன். அப்படி ஒரு அழுகை என் அம்மா செத்தபோதுகூட வரவில்லை.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. ஒரு டயாலிசிஸ் தவறிப்போயிற்று. அடுத்த டயாலிசிஸ் நாளிலும் ஆறு இடுப்புக்கு மேல் ஓடியது. மினிபஸ் அக்கரையில் நின்று ஹாரன் அடித்தது. அவர் கண் இடுங்கும் அளவுக்கு முகம் வீங்கியிருந்தது. ஊர்க்காரர்கள் கயிறு கட்டிப் பிடித்துக்கொள்ள, அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். வாழைத்தார் சுமந்த முதுகுதான், ஆனாலும் நடு ஆற்றில் தண்ணீர் இழுத்தது. வாத்தியாரை, வக்கீலை, அமைச்சரை, முதுகிலிருந்த என் வீட்டுக்காரரை, ஒருத்தரையும் விடாமல் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நடந்தேன்.

"எர்னெஸ்டின்," என்றார் மூச்சிரைக்க, என் காதோரம். "அடுத்த எலெக்‌ஷனுக்கு ஜோடி கட்ட வேணாம்டி. ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்."

"அடுத்த எலெக்‌ஷனுக்கு அஞ்சு வருஷம் இருக்குய்யா!" என்று கத்தினேன். "அதுவரைக்கும் நீ இருக்கணுமே!"

கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த அடி வைத்தேன்.