பெட்டிக்குத் தைத்த உறை

காற்றை அளக்கும் பெட்டியைத் தையல்காரம்மா வீட்டு வாசல் சுவரில் மாட்டியபோது தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. டிபன் டப்பா அளவுதான். மாட்ட வந்த மெக்கானிக், விலை மலிவான சாமான்தான், ஆனாலும் புகை, தூசி எவ்வளவென்று மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் கம்ப்யூட்டருக்கே சொல்லிவிடும், மழைத்தண்ணீர் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான்.

எதிரே பழைய பேட்டரி உருக்கும் பட்டறை. அந்தப் புகையில் அவள் மகளுக்கு மூச்சு இழுக்காத நாளில்லை. இந்த லட்சணத்தில் முதலாளி இரண்டாவது உலைக்கு அனுமதி கேட்டிருந்தார். பெட்டி சொல்வதை வைத்துத்தான் முடிவு என்றார் அதிகாரி. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கண்டவனிடமும் பேச்சு வாங்கி வரவழைத்த பெட்டி. கண்ணுக்குள் வைத்துக் காக்காமல் என்ன செய்வாள்?

சில மாதம் கழித்துக் கூட்டம் போட்டார்கள். ஊரிலேயே சுத்தமான காற்று இந்தத் தெருவில்தான் என்று அதிகாரி வாசித்தார். அவள் எழுந்து நின்றாள்.

"பெட்டி பொய் சொல்லுது சார். என் பொண்ணு மூச்சு விடறதை வந்து கேளுங்க."

"நீங்க கேட்டு வாங்கின பெட்டிதானேம்மா?"

உலைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. முதலாளி மெக்கானிக்கைக் கையில் போட்டுக்கொண்டார் என்றே அவள் நினைத்தாள். அவன் பெட்டியைக் கழற்ற வந்தபோது, வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். பாவம், அவன் ஒன்றும் புரியாமல் ஏணியில் ஏறினான். ஏறியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, இந்த உறை யாரு தைச்சது?"

"நான்தான். நீ மாட்டிட்டுப் போன மறுநாளே. என் மெஷினுக்குப் போடற மாதிரி, உள்ளே லைனிங் வச்சு. ஒரு பொட்டுத் தூசி உள்ளே போகாது."

"அந்தத் தூசியை அளக்கத்தானேக்கா பெட்டி."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாதத்தில் ஒருத்தராவது வந்து பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்டாள். கம்ப்யூட்டரில் நம்பர் வந்துகொண்டிருந்தால் யாரும் வரமாட்டார்கள் என்றான். திரும்ப அளக்கச் சொல்லலாமே என்றாள். கையெழுத்தாகிவிட்டது என்று தலையைக் குனிந்துகொண்டான்.

உறையை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனான். வெளிப்பக்கம் அடுப்புக்கரி நிறம். உள்ளே லைனிங் புதுத்துணி போல வெள்ளையாக இருந்தது. வீட்டுக்குள் மகள் இருமத் தொடங்கினாள்.

அவள் உறையைப் பிடித்துக் கிழிக்கப் பார்த்தாள். இரட்டைத் தையல் போட்டிருந்தாள். பிரியவே இல்லை.