முதல் பாடத்தில் பண்டிதை

ஆன்லைன் ஜெர்மன் வகுப்புகளில் முதல் நாள் இலவசம். பிடித்திருந்தால் பணம் கட்டிச் சேரலாம். வெளிநாட்டு மருத்துவமனையில் வேலைக்குப் போக ஆசைப்பட்ட அந்த நர்ஸுக்கு எல்லாமே பிடித்திருந்தது, பணம் கட்டுவதைத் தவிர.

அதனால் ஒவ்வொரு முறையும் புதுப் பெயரில், வீட்டில் இருந்த ஏதாவது ஒரு போன் எண்ணில் பதிந்துகொண்டாள். கணவன், நாத்தனார், தம்பி என்று எல்லோர் பெயரும் தீர்ந்தபின் மாமியாரின் பெயரும் போயிற்று. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் பெயர், ஊர், தொழில், எண்கள் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. இரண்டாம் பாடத்தில் என்ன இருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

மாமியாராக அவள் போன வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு வெளுத்து வாங்கினாள். ஆசிரியை ஒவ்வொருவராகத் தொழில் என்ன என்று கேட்டுக்கொண்டு வந்தார். திரையில் பெயருக்குப் பதில் போன் கம்பெனியின் பெயர் தெரிந்த ஒருவரிடம் கேட்டபோது பதில் இல்லை. ஆசிரியை மறுபடி கேட்டார். இவளுக்குப் பொறுக்கவில்லை. அவருக்கும் சேர்த்து நான்கு தொழில்களைக் கடகடவென்று ஒப்பித்தாள். முதல் நாளிலேயே இப்படியா என்று ஆசிரியை அசந்துபோனார். கொஞ்ச நேரத்தில் அந்தப் போன் கம்பெனி வகுப்பைவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் ஆபரேஷன் கருவிகளைக் கழுவும் அறைக்குத் தட்டு எடுக்கப் போனாள். அங்கே வேலை பார்க்கும் அக்கா, கத்தரிக்கோல்களைத் தேய்த்தபடி, ஜெர்மனியில் முதியோர் இல்ல வேலைக்குக் கொடுத்திருந்த தன் பெயரை எடுத்துவிடும்படி ஏஜென்சிக்கு மறுநாள் சொல்லப்போவதாகச் சொன்னாள். அந்த இலவச வகுப்பைப் பற்றி அக்காவுக்குச் சொன்னதே இவள்தான்.

"நேத்து போனேன். எல்லாரும் என்னை மாதிரி புதுசுன்னுதான் சொன்னாங்க. அதுல ஒருத்தி என்னைக் கேட்டதுக்கும் சேர்த்துப் பதில் சொல்றா. முதல் நாளே அவங்க அப்படின்னா, இந்த வயசுல நான் எங்க போய் ஒட்டிக்கறது?"

நர்ஸின் கையிலிருந்த தட்டு கனத்தது. யாரோ ஒருத்தியை முந்துவதாக நினைத்துத்தானே முந்தினாள்? சொல்லாவிட்டால் அக்கா பெயரை எடுத்துவிடுவாள். சொன்னால், நாளை மருத்துவமனையே இவளைப் பார்த்துச் சிரிப்பாய்ச் சிரிக்கும். நிறைய வேலை இருக்கிறது என்று சொல்லி வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். வெட்கம் காது வரை சுட்டது. திரும்பி வந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். பொய்ப் பெயர்களை, ஒரே பாடத்தை, மாமியாரை. எத்தனை தடவை போனாய் என்று அக்கா கேட்டாள். பதினொன்று என்றாள். திட்டிவிட மாட்டாளா என்றிருந்தது. அக்கா குழாயை மூடினாள்.

"எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்," என்றாள். "ஒரு வாரமா இங்கயே சொல்லிச் சொல்லிப் பார்த்து வச்சிருந்தேன். மைக்கை எங்க அமுக்கறதுன்னு தேடிட்டு இருந்தேன். அதுக்குள்ள நீ சொல்லிட்ட."

பிறகு தன் பெயரையும் தொழிலையும் ஜெர்மனில் சொன்னாள். மெதுவாக, ஒரு பிழையும் இல்லாமல். பதினொரு வகுப்புகளிலும் கருவி கழுவுகிறவருக்கு என்ன சொல் என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. அதை எங்கே பிடித்தீர்கள் என்று நர்ஸ் கேட்டாள். நூலகத்தில், அகராதியில் என்றாள் அக்கா. உறுப்பினர் அட்டைக்குக் காசு கிடையாதாம்.

மன்னிப்புக் கேட்க நர்ஸ் வாயெடுத்தாள். அதற்குள் அக்கா கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை நீட்டினாள்.

"மைக் எதுன்னு காட்டு. அடுத்த தடவை நீ இருந்தாலும் நான் முந்திக்கறேன்."

நர்ஸ் காட்டினாள். அக்காவின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.